வீழ்த்தியவருக்கு வெள்ளி, வீழ்ந்தவருக்குத் தங்கம்: குமித்தே விதிகள் சரிதானா?

தெற்குமாசி எழுதியது:

டோக்கியோ ஒலிம்பிக் கராத்தேயில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் குமித்தே (நேருக்கு நேர் சண்டை) பிரிவின் இறுதிச் சுற்றை நேற்று மறுபடி பார்த்தேன். 2021 ஆகஸ்ட் 7, நிப்போன் புடோக்கான் அரங்கம். சவுதி அரேபியாவின் தாரெக் ஹமெதி 4–1 என்று முன்னால் இருக்கிறார். ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே மீது மேல் உயரத்தில் ஓர் உதை விடுகிறார். கஞ்ச்சாதே நினைவில்லாமல் மேட்டில், அதாவது போட்டி விரிப்பில், கிடக்கிறார். ஆக்ஸிஜன் மாட்டி ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகிறார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, உதையை அடக்கவில்லை என்று ஹமெதிக்கு ஹன்சோகு கொடுக்கிறார்கள். தகுதி நீக்கம். சவுதிக்கு ஒலிம்பிக் சரித்திரத்திலேயே முதல் தங்கமாக இருந்திருக்கும். அது போய் வெள்ளி.

சண்டை தெரியாத யாரிடமாவது இந்த வீடியோவைக் காட்டி யார் ஜெயித்தார் என்று கேட்டுப் பாருங்கள். விதி இப்படி என்பது எனக்கும் தெரியும். அந்த விதி எதற்காக இருக்கிறது, அதை வைத்துப் பழகுபவர்களுக்கு நிஜத்தில் அடிக்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி. தொட்டு நிறுத்திப் புள்ளி எடுக்கும் பாயிண்ட் கராத்தே ஆடுபவர்கள், ரெஃப்ரிகள், மற்றவர்கள் எல்லாரும் வாருங்கள்.

சிவப்புக்கொடி எழுதியது:

மாநில அளவில் ரெஃப்ரி வேலை பார்க்கிறேன், அதனால் முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி எந்தக் குத்தும் 1 புள்ளி, அதாவது யுகோ. உடம்புக்கு உதை 2, வஸாரி. தலை, முகம், கழுத்துக்கு உதை 3, இப்போன். எதிராளி கீழே விழுந்த பிறகு அவர் மேல் போடும் சரியான அடிக்கும் 3. பெரியவர்களுக்கு 3 நிமிடம், 8 புள்ளி வித்தியாசம் வந்தால் அங்கேயே முடிந்தது. மூலையில் இருக்கும் நான்கு நடுவர்களில் இரண்டு பேராவது ஒத்துக்கொண்டால்தான் புள்ளி.

அடி எதிராளியை எட்டினால் மட்டும் போதாது. நல்ல வடிவம், வேகம், நேரம், தூரம், விளையாட்டு மனப்பான்மை, அடித்த பிறகும் கவனம் கலையாத நிலை, இத்தனையும் வேண்டும். கடைசியாகச் சொன்னது ஸன்ஷின். தலைக்கு அடிப்பதில் தூரம் என்றால் தோலைத் தொடுவதிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் வரை என்று சில வருடம் முன்பு வரைக்கும் விதிப்புத்தகத்திலேயே எழுதியிருந்தது. ஆக, தொட்டு நிறுத்துவதும் திறமையின் ஒரு பகுதி. நிறுத்தாமல் விட்டால் அது அதிகப்படியான தாக்குதல்.

வேடிக்கை என்னவென்றால், அந்த உதையையே ஹமெதி கொஞ்சம் அடக்கி விட்டிருந்தால் 3 புள்ளி. ஸ்கோர் 7–1. அதற்கப்புறம் நேரத்தை ஓட்டினாலே தங்கம்.

கூண்டுக்காரன் எழுதியது:

நீங்கள் சொன்னதைத்தானே நாங்களும் சொல்கிறோம்! மெதுவாக உதைத்தால் பரிசு, சரியாக உதைத்தால் தண்டனை. எம்எம்ஏ, அதாவது கூண்டுக்குள் பல கலைகளைக் கலந்து ஆடும் சண்டை, பழகும் எங்கள் ஜிம்முக்குப் பாயிண்ட் கராத்தேயிலிருந்து பையன்கள் வருகிறார்கள். ஒரே அடிதான் வைத்திருப்பார்கள். உள்ளே பாய்வது, தொடுவது, “ஏய்” என்று கத்துவது, கையைத் தூக்கிக்கொண்டு திரும்புவது. திரும்பும்போது எங்கள் ஆள் பின்னாலிருந்து பிடித்துவிடுவான். தொட்டாச்சு விளையாட்டுக்கு எதற்கு கறுப்பு பெல்ட்?

பழைய_பெல்ட் எழுதியது:

தம்பி கூண்டுக்காரன், நீங்கள் சொல்லும் வியாதி உண்டு. ஆனால் அதற்குக் காரணம் “தொட்டு நிறுத்து” என்ற விதி இல்லை. அந்த விதி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

கொஞ்சம் பழைய கதை. ஷோட்டோகான் கராத்தேயை உருவாக்கிய ஃபுனகோஷி போட்டியையே விரும்பாதவர். அவர் 1957 ஏப்ரலில் காலமானார். அதே வருடம்தான் ஜப்பான் கராத்தே சங்கம் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. குமித்தேயில் ஜெயித்த கனாசாவா கை முறிந்த நிலையில் ஆடியவர் என்று எங்கள் மாஸ்டர்கள் சொல்லிச் சொல்லியே எங்களை அடித்தார்கள். அப்போது முறை ஷோபு இப்போன். ஓர் இப்போன், முடிந்தது. அல்லது இரண்டு வஸாரி. வயிற்றுக்கு ஒரு க்யாகு சுகி (பின் கையால் நேர்க் குத்து) சரியாக விழுந்தால் குனிந்து வணக்கம் போட்டுவிட்டு வெளியே போக வேண்டியதுதான். அந்த முறையிலும் முகத்தை உடைத்தால் ஹன்சோகுதான். ஹமெதியின் உதைக்கு அன்றைக்கும் இதே தீர்ப்புதான் வந்திருக்கும்.

அப்படியானால் என்ன மாறியது? ஓர் அடிக்கு இருந்த விலை மாறியது. ஷோபு இப்போனில் ஒரு குத்து வாங்கினால் கதை முடிந்தது, அதனால் யாரும் சும்மா உள்ளே போக மாட்டார்கள். அரை நிமிடம் அசையாமல் நின்றுகொண்டிருப்பார்கள். பார்ப்பவருக்குத் தூக்கம் வரும். பிறகு மூன்று இப்போன் வரை நீட்டினார்கள். 2000 வாக்கில் 1, 2, 3 என்று எண்ண ஆரம்பித்தார்கள். இப்போது குத்து என்பது தலை உதையில் மூன்றில் ஒரு பங்கு. “ஒரு குத்து வாங்கினால் என்ன, ஓர் உதையில் எடுத்துவிடலாம்” என்று பதினைந்து வயதுப் பையன் கணக்குப் போடுகிறான். முகத்தில் குத்து வாங்குவதைச் செலவுக் கணக்கில் எழுத ஆரம்பித்த அன்றைக்குத்தான் கராத்தே நிஜத்தை விட்டு நகர்ந்தது என்பது என் எண்ணம். அடக்கி அடிப்பதைக் குறை சொல்லாதீர்கள்.

சென்ஷு வந்த பிறகு கொஞ்சம் தேவலை என்பதையும் சொல்ல வேண்டும். எதிராளி பதிலுக்குப் புள்ளி எடுக்காமல் முதல் புள்ளி வாங்கியவருக்கு, ஸ்கோர் சமமாக முடிந்தால் வெற்றி. அதனால் முதல் நிமிடத்தில் பழைய பயம் திரும்பி வருகிறது.

தெற்குமாசி எழுதியது:

மாஸ்டர், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் சென்ஷு வாங்கியவர் அப்புறம் மேட்டைச் சுற்றி ஓடுகிறாரே, அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

சிவப்புக்கொடி எழுதியது:

ஓடினால் அதற்கும் தண்டனை உண்டு, கோட்டுக்கு வெளியே போனாலும் உண்டு. கடைசி 15 விநாடியில் சண்டையைத் தவிர்த்தால் சென்ஷுவையே பறித்துவிடலாம் என்ற விதியும் வந்தது. ஆனால் எது ஓட்டம், எது நகர்வு என்று அரை விநாடியில் முடிவு செய்வது எங்கள் தலைவலி. அதைப் பிறகு பேசலாம்.

இடதுகால் எழுதியது:

பல்கலைக்கழக அணியில் 61 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் ஆடியவள். நீங்கள் எல்லாரும் வெளியே நின்று பேசுகிறீர்கள், உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

உரா மவாஷியை, அதாவது கொக்கி மாதிரி திரும்பி வரும் உதையை, எடுத்துக்கொள்ளுங்கள். துள்ளிக்கொண்டே முன் முழங்காலைத் தூக்குவோம். எதிராளிக்கு அது சாதாரண மவாஷி (சுற்று உதை) மாதிரி தெரியும், கை விலாவுக்கு இறங்கும். அந்த நேரத்தில் பாதம் அவள் காதைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போது உள்ளங்கால் பின்தலையில் ஒரு தட்டு. ஹெல்மெட் இல்லாவிட்டாலும் வலிக்காது, ஏனென்றால் இடுப்பு அதில் இல்லவே இல்லை, முட்டிக்குக் கீழேதான் வேலை. 3 புள்ளி. அதே காலால் இடுப்பைத் திருப்பி விலாவில் ஒன்று விட்டால் எதிராளிக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். அதற்கு 2. எதைப் பழகுவோம் என்று நீங்களே சொல்லுங்கள். நாங்கள் மாலை முழுக்க உரா மவாஷிதான் பழகினோம்.

க்யாகு சுகி வேறு. அது உண்மையான அடி. பின்காலை உதைத்துப் பாய்ந்தால் உடம்பு மொத்தமும் முஷ்டிக்குப் பின்னால் வரும். நிறுத்தும்போதுகூட அதன் கனம் தெரியும், நெஞ்சுக் காப்புக்கு மேல் பட்டாலே பின்னால் ஓர் அடி தள்ளும். இதில் கோளாறு அடித்த பிறகுதான். கையை வெடுக்கென்று இடுப்புக்கு இழுப்போம், ரெஃப்ரி கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும் என்பதற்காக. இழுக்கும்போது தலை முன்னால் இருக்கும், மறு கை எங்கேயோ இருக்கும், முகத்துக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. அந்த நொடியில் “யாமே”, நிறுத்து, என்று ரெஃப்ரியின் குரல் வரும். அந்தக் குரல்தான் எங்களுக்குக் காவல். அது வராத இடத்தில் என்ன ஆகும் என்று நாங்கள் ஒருநாளும் பழகியதில்லை.

கூண்டுக்காரன் சொன்ன அந்தத் திரும்பும் பழக்கம் விதிப்படி தப்பு. ஸன்ஷின் இல்லை என்று புள்ளியை மறுக்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ரெஃப்ரிகள் மன்னிக்கவும்.

சிவப்புக்கொடி எழுதியது:

மன்னித்தேன். உண்மைதான்.

கூண்டுக்காரன் எழுதியது:

இடதுகால் அக்கா எழுதியதைப் படித்ததும் லியோட்டோ மச்சிடா ஞாபகம் வந்தார். ஷோட்டோகான் குடும்பத்தில் வளர்ந்தவர். 2009ல் யுஎஃப்சி என்ற பெரிய எம்எம்ஏ அமைப்பின் லைட் ஹெவிவெய்ட் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் அவரைத் தொடவே யாராலும் முடியவில்லை. தூரத்திலேயே நிற்பார், எதிராளி காலை எடுத்து வைக்கும் நேரம் பார்த்து நேராக ஒரு குத்து, உடனே காணாமல் போய்விடுவார். அசல் பாயிண்ட் குமித்தே. 2011ல் ராண்டி கூட்டூரைக் குதித்து ஒரு முன் உதையில் சாய்த்தாரே, அது உலகத்துக்கே தெரியும். ஆக தூரமும் நேரமும் நிஜம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். அதை எங்கள் ஜிம்மில் இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆனால் அதே மச்சிடா 2010 மே மாதம் மான்ட்ரியலில் ஷோகுன் ரூவாவிடம் முதல் சுற்றிலேயே விழுந்ததையும் பாருங்கள். மச்சிடா உள்ளே வந்து அடிக்கிறார், ஷோகுன் பின்வாங்காமல் அதே இடத்தில் நின்று மேலிருந்து வலது கையைப் போடுகிறார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடிக்கும் இடம் அது. பாயிண்ட் சண்டையில் அங்கே யாமே சொல்லி நான்கு பேரும் யாருடைய கை முதலில் பட்டது என்று பார்ப்பார்கள். கூண்டில் இரண்டாவது, மூன்றாவது அடி வந்துவிடும்.

நெஞ்சுக்குநெஞ்சு எழுதியது:

கியோகுஷின் என்கிற முழு பலக் கராத்தே பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களிடம் கட்டுப்பாடு கிடையாது, உறை கிடையாது, முழு பலத்தோடு அடிக்கலாம், உதைத்துச் சாய்த்தால் ஜெயித்தாய். ஹமெதி எங்கள் மேட்டில் ஆடியிருந்தால் கோப்பையோடு போயிருப்பார். 1975ல் எங்கள் நிறுவனர் ஒயாமா முதல் உலகப் போட்டியை நடத்தியதிலிருந்து இதுதான்.

ஆனால் கையால் முகத்தில் குத்தக்கூடாது. அதன் விளைவு எங்கள் ஆட்களைப் பார்த்தாலே தெரியும். மூக்குக்கு மூக்கு நின்றுகொண்டு நெஞ்சில் குத்திக்கொண்டிருப்போம், முகம் திறந்தே கிடக்கும். அந்தத் தூரத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரர் வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். பாயிண்ட் ஆட்களுக்கு முகத்துக்குக் குத்து வரும் என்ற பயமாவது இருக்கிறது. முழு பலம் என்றாலே நிஜம் என்று எங்கள் பையன்கள் பேசும்போது எனக்குச் சிரிப்புதான் வரும்.

பழைய_பெல்ட் எழுதியது:

இதை ஒரு கியோகுஷின்காரர் வாயால் கேட்பது மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது ஐயா.

மஞ்சள்பெல்ட்_அப்பா எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பையனுக்கு 10 வயது, வகுப்பில் முதல் டோர்னமெண்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என் மனைவி வேண்டாம் என்கிறாள்.

சிவப்புக்கொடி எழுதியது:

சார், சின்னப் பிள்ளைகளுக்கு விதி வேறு. முகத்தில் பட்டாலே தண்டனை, முகக் காப்பும் உடம்புக் காப்பும் போட வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. போட்டி நடத்துபவர்கள் மேட்டுக்கு அருகில் டாக்டரை உட்கார வைத்திருக்கிறார்களா, அல்லது முதலுதவிப் பெட்டியோடு ஒரு பையன் நிற்கிறானா? இரண்டாவது என்றால் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். எடைப் பிரிவு சரியாகப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆள் குறைவு என்று இரண்டு பிரிவைச் சேர்த்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு.

தெற்குமாசி எழுதியது:

என் கேள்விக்கு வருகிறேன். விதியில் “முபோபி” என்று ஒன்று இருக்கிறதே. தன்னைக் காத்துக்கொள்ளாமல் முகத்தைத் திறந்துகொண்டு பாய்பவருக்கே தண்டனை. கஞ்ச்சாதே தன்னைக் காத்துக்கொள்ளவில்லை என்று ஏன் பார்க்கக்கூடாது? பின்தங்கியிருப்பவர் எப்படியும் உள்ளே வந்துதானே ஆக வேண்டும், அடி பட்டால் அடித்தவன் தப்பா? இந்தப் போட்டியில் இப்படி நடந்ததால்தான் ஒலிம்பிக்கிலிருந்தே கராத்தேயைத் தூக்கினார்கள் என்றும் சொல்கிறார்கள்.

சிவப்புக்கொடி எழுதியது:

கடைசி விஷயம் முதலில். அது தப்பு. பாரிஸ் தன் புது விளையாட்டுப் பட்டியலை 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது, அதில் கராத்தே இல்லை, பிரேக் டான்ஸ் இருந்தது. டோக்கியோ நடந்ததே அதற்குப் பிறகுதான். லாஸ் ஏஞ்சலிஸ் 2028க்கும் கிரிக்கெட், ஸ்குவாஷ் எல்லாம் உள்ளே வந்தன, நமக்கு இடமில்லை.

முபோபி பற்றி. உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் ரெஃப்ரி பார்ப்பது இரண்டு. அடி வாங்கியவர் அஜாக்கிரதையாக இருந்தாரா, அடித்தவர் அடக்கினாரா. முதலாவதற்கு ஆமாம் என்றாலும் இரண்டாவது மறையாது. நினைவு தப்பி ஸ்ட்ரெச்சரில் போன பிறகு “அடக்கிய உதை” என்று எந்த ரெஃப்ரியாலும் எழுத முடியாது. நடிப்பவர்களும் உண்டு, தொட்டாலே சுருண்டு விழுவார்கள், அதற்கும் கடுமையான தண்டனை இருக்கிறது. அங்கே நடிப்பு இல்லை.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், தீர்ப்பு சரி, தண்டனையின் ஏணிதான் சரியில்லை. எச்சரிக்கைக்கும் மொத்தமாக வெளியேற்றுவதற்கும் நடுவில் புள்ளியைக் குறைக்கும் படி ஒன்று இருந்தால் இந்த மாதிரி நேரத்தில் உதவும்.

இடதுகால் எழுதியது:

புள்ளிதான் குறையும் என்று தெரிந்தால், 7–0 என்று முன்னால் இருப்பவள் வேண்டுமென்றே ஒன்று விட்டுப் பார்ப்பாள். பார்த்திருக்கிறேன், ரெஃப்ரி சார். தோற்கிற பயம் முழுசாக இருந்தால்தான் கால் நிற்கும்.

அதே டோக்கியோவில் 75 கிலோ இறுதியையும் பாருங்கள். லூயிஜி புசா ரஃபேல் அகாயேவை ஜெயித்தார். 1–0. மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு புள்ளி. அகாயேவுக்கு அப்போது 36 வயது, ஐந்து முறை உலக சாம்பியன், காலை வாரி விழவைத்து மேலே அடிப்பதில் அவரைப் போல இன்னொருவர் இல்லை. சின்ன வயதில் அவருடைய ஆஷி பராயைப் பார்த்துத்தான் நான் இந்தப் பைத்தியமே பிடித்து அலைந்தேன். விழ வைத்து உடனே அடித்தால் 3 என்ற விதி இருந்ததால்தான் அந்த வித்தை பிழைத்தது. பிடித்துக்கொண்டே நிற்கக்கூடாது, பிடித்தால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். இந்த ஓர் இடத்தில் விதி நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கூண்டுக்காரன் எழுதியது:

சரி அக்கா, அந்த வாரிவிடுவதை எங்களுக்குச் சொல்லித்தாருங்கள். பதிலுக்கு யாமே சொன்ன பிறகு என்ன செய்வது என்று நாங்கள் சொல்லித்தருகிறோம். கிண்டல் இல்லை.

பழைய_பெல்ட் எழுதியது:

அதற்கு ஒரு வழி சொல்கிறேன், எங்கள் வகுப்பில் செய்வதுதான். வாரத்தில் ஒரு நாள் யாமே இல்லாத சுற்று. ஒருவர் சுத்தமாக ஒரு புள்ளி எடுத்தால் வெளியே நிற்பவர் சத்தமாக “ஒன்று” என்று மட்டும் சொல்வார், ஆட்டம் நிற்காது. அடி வாங்கியவர் அடுத்த இரண்டு விநாடிக்குள் திருப்பி அடித்துவிட்டால் முதல் புள்ளி செல்லாது. இந்த ஒரே மாற்றம்தான். முதல் வாரம் எல்லாரும் அடித்துவிட்டுக் கையை இடுப்புக்கு இழுத்தார்கள், எல்லாரும் பதிலுக்கு வாங்கினார்கள். போகப் போக இழுக்கும் கை தாடைக்கு வர ஆரம்பித்தது. அடித்தவுடன் ஒரு பக்கமாக வெளியேறவும் ஆரம்பித்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே. உரா மவாஷி பாதியாகக் குறைந்தது, ஒற்றைக் காலில் நிற்கும்போது வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கும் ஆசையில்லை.

ஆனால் முகத்துக்கு அடக்கித்தான் அடிக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. மறுநாள் காலையில் அதே ஆளோடுதான் பழக வேண்டும். போட்டிக்கு முந்தைய மாதம் இதை நிறுத்திவிடுவேன். புள்ளிக்கு ஆடுவது தனிப் பழக்கம், இரண்டையும் கலந்தால் டோர்னமெண்டில் பையன் குழம்புவான்.

இடதுகால் எழுதியது:

இது நன்றாக இருக்கிறது மாஸ்டர். பெண்களுக்கும் ஆண்களுக்கும் சேர்த்தேவா? பிடிக்கவும் விடுகிறீர்களா?

பழைய_பெல்ட் எழுதியது:

எடை பார்த்து ஜோடி சேர்ப்பேன், மற்றபடி சேர்த்துத்தான். பிடிக்கலாம், மூன்று எண்ணுவதற்குள் விட வேண்டும். தரையில் விழுந்தால் மேலே நிற்பவருக்கு ஓர் அடி, அதோடு எழுந்துவிட வேண்டும். புரள ஆசைப்படுபவர்களைக் கூண்டுக்காரன் தம்பியின் ஜிம்முக்கு அனுப்புகிறேன்.

தெற்குமாசி எழுதியது:

ஹமெதி விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, அது இருக்கட்டும். இந்த யாமே இல்லாத சுற்றை எங்கள் வகுப்பில் வருகிற சனிக்கிழமை வைத்துப் பார்க்கிறோம். ஷின் பேட், கையுறை இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

பழைய_பெல்ட் எழுதியது:

பல் காப்பு. அது இல்லாதவர் வெளியே நின்று “ஒன்று” சொல்லட்டும்.